சூட்டு அதிர்ச்சியா, மின் துடிப்பா?
ராயபுரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏ புகுத்த இரண்டு வழியும் செய்து பார்த்தேன். கால்சியம் குளோரைடில் ஊறிய செல்லை ஐஸிலிருந்து எடுத்து 42 டிகிரி தண்ணீரில் ஒரு நிமிடம் போல வைத்தால் போதும், செலவும் இல்லை, ஆனால் காலனி, அதாவது டிஎன்ஏ ஏறிய செல் பெருகித் தட்டில் தெரியும் புள்ளி, குறைவு.

மின் துடிப்பு வேறு ரகம். இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள குவெட் என்ற சின்னக் குப்பியில் சுமார் 1,800 வோல்ட், சில மில்லிசெகண்ட்தான். செல்லைச் சுற்றி 5 நானோமீட்டர் தடிமனே உள்ள லிப்பிட் (கொழுப்பு) படலத்தின் குறுக்கே மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை நெருங்கும்போது தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே நுழைய, லிப்பிட் மூலக்கூறுகளின் தண்ணீரை விரும்பும் தலைகள் அந்தப் பக்கம் திரும்பித் துளைக்கு விளிம்பு கட்டிவிடுகின்றன. என்ன அழகு! அந்த வழியாக டிஎன்ஏ உள்ளே போகும், அப்புறம் துளைகள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

உப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் 'டப்'பென்று பொறி பறந்து செல் வீணாகிவிடும். எங்கள் போர் தண்ணீரே கரிக்கும் ஊர், அதனால் காய்ச்சி வடித்த குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவுவேன். சாதாரண பிளாஸ்மிடுக்கு, அதாவது சின்ன வட்ட டிஎன்ஏவுக்கு, சூடு போதும். காலனி நிறைய வேண்டுமென்றால் மின்சாரம்தான்.