உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு வரும் ஸ்பேம்: ஜிமெயில் எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது?

இன்பாக்ஸில் ஒரு மெயில். அனுப்பியவர் இடத்தில் உங்கள் பெயர், உங்கள் முகவரி. திறந்தால் மிரட்டல்: "உன் கணக்கை ஹேக் செய்துவிட்டேன். நம்பிக்கை இல்லையென்றால் அனுப்பியவர் முகவரியைப் பார், உன் கணக்கிலிருந்தே அனுப்பியிருக்கிறேன்." கீழே ஒரு பிட்காயின் வாலட் எண். சிலவற்றில் நீங்கள் என்றோ வைத்திருந்த பழைய பாஸ்வேர்டும் இருக்கும். 2018 வாக்கில் பெருகிய இந்த வகை மெயில் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதைக் கையாள்வதில் ஜிமெயிலுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். பெரும்பாலானவை நேரே ஸ்பேமுக்குப் போய்விடுகின்றன. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தப்பி வந்த ஒன்று போலியா உண்மையா என்று நீங்களே சரிபார்க்க வேண்டுமானால், அதற்கான ஆதாரம் மெனுவுக்குள் ஒளிந்து கிடக்கிறது. மொபைல் ஆப்பில் அதுவும் இல்லை.

முதலில் இது எப்படிச் சாத்தியமாகிறது என்பது. பள்ளியில் கடிதம் எழுதும்போது மேலே "அனுப்புநர்" என்று போட்டோமே, அங்கே யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்கப்போவதில்லை. உறைமேல் ஒரு பெயர், உள்ளே கடிதத்தில் வேறு பெயர் இருந்தாலும் கடிதம் போய்ச் சேரும். மெயில் அனுப்புவதற்கென்று 1982இல் வகுத்த எஸ்எம்டிபி முறையும் அப்படித்தான். சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் உறை முகவரி ஒன்று, நம் திரையில் தெரியும் அனுப்புநர் முகவரி இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அந்த முறை கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே உங்கள் முகவரியைப் போட்டு மெயில் அனுப்ப உங்கள் பாஸ்வேர்டு யாருக்கும் தேவையில்லை.

அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவைதான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். எந்த சர்வர்கள் இந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். ஆனால் அது உறை முகவரியைத்தான் சோதிக்கும். மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம் டிகிம். இந்த இரண்டில் ஒன்றாவது திரையில் தெரியும் முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதும், பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதும் டிமார்க்.

ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மெயிலின் வலப்பக்க மூன்று புள்ளியை அழுத்தி "ஷோ ஒரிஜினல்" தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சிறிய அட்டவணை வரும்: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், ஒவ்வொன்றுக்கும் எதிரே பாஸ் அல்லது ஃபெயில். மிக நல்ல வசதி இது. பலரும் தவறுவது முதல் வரியில். எஸ்பிஎஃப் பாஸ் என்று கண்டதும் "ஐயோ, என் கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது" என்று பதறிவிடுகிறார்கள். ஸ்பேம் அனுப்புபவர் உறையில் தன் சொந்த டொமைனைப் போட்டிருந்தால் எஸ்பிஎஃப் தாராளமாகப் பாஸ் ஆகும். பார்க்க வேண்டியது டிமார்க் வரி. அது ஃபெயில் என்றால் மெயில் உங்கள் டொமைனின் சர்வர்களிலிருந்து புறப்படவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

அட்டவணைக்குக் கீழே உள்ள முழு ஹெடரில் (மெயில் வந்த வழியைச் சொல்லும் தொழில்நுட்பக் குறிப்புகளில்) "ஆத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்" என்ற பகுதியைத் தேடுங்கள். டிமார்க் ஃபெயிலுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பி=நன்", "டிஸ்=நன்" என்று இருந்தால், சோதனையில் தோற்றது, ஆனால் டொமைன்காரர் எதுவும் செய்யச் சொல்லவில்லை, அதனால் விட்டுவிட்டோம் என்று பொருள். போலி என்று கண்டுபிடித்த பிறகும் அது இன்பாக்ஸில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நான்கைந்து எழுத்துதான். "ரிட்டர்ன்-பாத்" வரியில் உண்மையான உறை முகவரி தெரியும். "ரிசீவ்ட்" வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கூகுளின் சர்வர் எழுதிய மேல் வரிகளை நம்பலாம், அடியில் இருப்பவை இட்டுக்கட்டியதாகவும் இருக்கலாம்.

இந்த வசதி மொபைல் ஆப்பில் இல்லாதது பெரிய குறை. மிரட்டல் மெயிலைப் பெரும்பாலானோர் போனில்தான் முதலில் பார்க்கிறார்கள், பயப்படுவதும் அங்கேதான். போனிலேயே சோதிக்க வேண்டுமென்றால் பிரவுசரில் ஜிமெயிலை டெஸ்க்டாப் தளமாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. டிமார்க் பிடிக்காத ஒரு தந்திரமும் உண்டு: பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் மெயில் முகவரியை எழுதி, உண்மையான முகவரியாக வேறொன்றை வைப்பது. டொமைன் அவர்களுடையது என்பதால் எல்லாச் சோதனையும் பாஸ் ஆகும். போன் திரையில் பெயர் மட்டுமே தெரியும் என்பதால், பெயரைத் தட்டி முழு முகவரியைப் பார்த்துவிடுங்கள்.

சென்ட் ஃபோல்டரில் இருந்தால் நிச்சயம் ஹேக்தான் என்றும் சொல்ல முடியாது. 2018 ஏப்ரலில் போலி ஹெடரோடு வந்த ஸ்பேம்களை, அனுப்புநர் முகவரி பயனருடையதாகவே இருந்ததால், ஜிமெயில் அவர்களுடைய சென்ட் ஃபோல்டரிலேயே காட்டியது. பாஸ்வேர்டை மாற்றியவர்களுக்கும் அது நிற்கவில்லை. அவை தவறுதலாக அங்கே தோன்றின என்று சொல்லி, கூகுள் அவற்றை ஸ்பேம் என்று மாற்றியது. சென்ட் ஃபோல்டரில் பார்த்தாலும் ஹெடரைத் திறந்து டிமார்க் வரியைப் படிப்பதே சரி.

டிமார்க் பாஸ் ஆகி, முகவரியும் எழுத்துக்கு எழுத்து உங்களுடையதாகவே இருந்தால் விஷயம் வேறு. கணினியில் இன்பாக்ஸின் அடியில் வலது மூலையில் "லாஸ்ட் அக்கவுன்ட் ஆக்டிவிட்டி" பக்கத்தில் உள்ள "டீடெயில்ஸ்" அழுத்தி, எந்த இடத்திலிருந்து, எந்தக் கருவியில் கணக்கு திறக்கப்பட்டது என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதோடு செட்டிங்ஸில் ஃபில்டர்ஸ், ஃபார்வர்டிங், "சென்ட் மெயில் ஆஸ்" மூன்றையும் பார்த்தாக வேண்டும். உள்ளே புகுந்தவர்கள் வைத்துவிட்டுப் போகும் ஃபார்வர்டிங் முகவரி, பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் மெயில்களைக் கடத்திக்கொண்டே இருக்கும்.

மிரட்டலில் உள்ள பழைய பாஸ்வேர்டு பொதுவாக வேறு ஏதோ தளத்தில் கசிந்த பட்டியலிலிருந்து எடுத்தது. 2013இல் டிராய் ஹன்ட் தொடங்கிய "ஹேவ் ஐ பீன் போன்ட்" தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவில் அது இருக்கிறது என்று காட்டும். அதே பாஸ்வேர்டு இன்னும் எங்காவது இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பதில் எழுதாதீர்கள், பணம் கட்டாதீர்கள், ஸ்பேம் என்று ரிப்போர்ட் செய்யுங்கள். சொந்த முகவரிக்கு ஃபில்டர் போட்டு அழிப்பது மட்டும் வேண்டாம். உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் குறிப்புகளும் குப்பைக்குப் போய்விடும்.

சொந்த டொமைனோடு கூகுள் வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுளின் மெயில் சேவை) வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலை அதிகம். அட்மின் கன்சோலில் ஆப்ஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜிமெயில், சேஃப்டி என்று போனால் "ஸ்பூஃபிங் அண்ட் ஆத்தென்டிகேஷன்" பகுதி இருக்கிறது. உங்கள் டொமைனைப் போலியாகப் போட்டு வரும் மெயிலைத் தடுக்கும் விதி அங்கே உண்டு. ஆனால் இயல்பு நிலையில் அது "இன்பாக்ஸில் வைத்து எச்சரிக்கை காட்டு" என்றே இருக்கும். அவ்வளவு மென்மை தேவையில்லை. ஸ்பேம் ஃபோல்டருக்கோ, அட்மின் பார்க்கும்வரை நிறுத்திவைக்கும் குவாரன்டைனுக்கோ மாற்றுங்கள். யாராவது வசதிக்காக நம் டொமைனையே ஸ்பேம் விலக்குப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சேர்த்து, "அனுப்புநர் சரிபார்ப்பு கட்டாயம்" என்பதையும் அணைத்திருந்தால் கதவைத் திறந்துவைத்ததற்குச் சமம்.

டிஎன்எஸ் (டொமைனின் விவரங்களைப் பதிந்துவைக்கும் இடம்) பக்கம்: எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒரு பதிவு 10 டிஎன்எஸ் தேடல்களைத் தாண்டினாலும் பிழைதான். நியூஸ்லெட்டர், பில்லிங், சப்போர்ட் என்று ஒவ்வொரு சேவையையும் சேர்த்துக்கொண்டே போகும் கம்பெனிகள் மாட்டுவது இங்கேதான். டிகிம் சாவியை 2048 பிட்டில் உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் ஏற்றிய பிறகு கன்சோலுக்குத் திரும்பி "ஸ்டார்ட் ஆத்தென்டிகேஷன்" அழுத்த வேண்டும். சாவியை ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். இரண்டும் ஓடத் தொடங்கி 48 மணி நேரம் கழித்து டிமார்க்கை "நன்" நிலையில் போட்டு, தினமும் வரும் அறிக்கைகளைச் சில வாரம் படியுங்கள். பிறகு "குவாரன்டைன்" (தோற்றதை ஸ்பேமுக்கு அனுப்பு), கடைசியில் "ரிஜெக்ட்" (ஏற்காதே).

அவசரப்பட்டு நேரே "ரிஜெக்ட்" போட்டால் முதலில் உடைவது இரண்டு. ஒன்று வெப்சைட்டின் தொடர்புப் படிவம். ஹோஸ்டிங் சர்வரிலிருந்து உங்கள் முகவரியைப் போட்டு உங்களுக்கே அனுப்புகிறது, ஸ்பேம் செய்வதும் அதையேதான். படிவத்தை முறையாக லாகின் செய்து அனுப்பும்படி மாற்றி, விசாரித்தவர் முகவரியை "ரிப்ளை-டு" இடத்தில் வையுங்கள். இன்னொன்று ஆபீஸ் ஸ்கேனர். ஸ்கேன் செய்ததை உங்கள் முகவரியிலேயே போர்ட் 25 வழியாக நேரே கூகுளின் வரவு சர்வருக்குத் தள்ளும்படி அமைத்திருப்பார்கள். அதை, மெயிலை வாங்கி அனுப்பிவைக்கும் வொர்க்ஸ்பேஸின் எஸ்எம்டிபி ரிலே சேவைக்கு, போர்ட் 587க்கு மாற்றி, ஆபீஸின் நிலையான ஐபி எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் ஸ்கேன்கள் மறுபடி இன்பாக்ஸுக்கு வரும்.