தர்மபுரியில இருந்து ஒரு நாள் பஸ் டூர்: கன்னியாகுமரியா தனுஷ்கோடியா?

எங்க தெருவுல வருஷத்துக்கு ஒரு தடவ காசு சேர்த்து பஸ் புடிச்சு கெளம்பிடுவோம். போன தடவ கன்னியாகுமரி, அதுக்கு முந்தி தனுஷ்கோடி, இந்த வருஷம் ரெண்டுல எதுக்கு மறுபடி போறதுன்னு பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு.

தூரம் பாத்தா குமரி 500 கிலோமீட்டருக்கு மேல, ஆனா நம்மூரு வழியா போற 44-ம் நம்பர் ஹைவேதான் அங்க போய் முடியுது, தொப்பூர் எறக்கத்த தாண்டிட்டா டிரைவருக்கு ஒரே ரோடு. ராமேஸ்வரம் கொஞ்சம் கம்மி. எங்க போனாலும் ரெண்டு டிரைவர் கேட்டு வாங்குங்க, போயிட்டு அன்னிக்கே திரும்புறத ஒரே ஆள் ஓட்டுனா நமக்கு தூக்கம் வராது, அவருக்கு வந்துடும்.

குமரிக்கு நாங்க புடிச்ச ஏஜென்ட் நோட்டீஸ்ல சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, சுசீந்திரம் கோயில், திற்பரப்பு அருவின்னு அடுக்கியிருந்தாரு. வழியில மூணு எடத்துல டீக்கு நிறுத்துனதுல திருநெல்வேலியிலயே விடிஞ்சு போச்சு. அப்புறம் படகு க்யூ. ரெண்டரை மணி நேரம், அத்தை பேப்பர விரிச்சு க்யூவுலயே உக்காந்துட்டாங்க, பாறைக்கு போய் செருப்ப கழட்டுனா உச்சி வெயில்ல கல்லு சுட்டு ஆளாளுக்கு பரதநாட்டியம். ஆனா ஒண்ணு, 2024 டிசம்பர் கடைசியில தொறந்த கண்ணாடி பாலம் 77 மீட்டர், பாறையில இருந்து அதுல நடந்தே 133 அடி வள்ளுவர் சிலைகிட்ட போயிடலாம், முன்னாடி கடல் சரியில்லன்னா சிலைக்கு படகு போகாது. சாமி கும்பிட நேரமில்ல, திற்பரப்பும் போச்சு.

தனுஷ்கோடியில இந்த க்யூ தொல்லையே இல்ல. 2017-ல ரோடு போட்டதுல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் வண்டி போகுது. போறப்ப எடது பக்கம் குளம் மாதிரி அசையாம கெடக்கறது பெண் கடல், வலது பக்கம் அடிச்சுட்டு இருக்கறது ஆண் கடல்னு அங்க சொல்றாங்க, பஸ்ல பாதி பேரு இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் ஓடுனதுதான் பாக்கி. நடுவுல சர்ச்சோட மொட்ட சுவரு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ஊரோட ஒரு பாசஞ்சர் ரயிலும் ஆளுங்களோட போச்சுன்னு சொன்னதும் சத்தம் போட்டுட்டு இருந்த பசங்க கூட கப்சிப். வெளிய குடிசக் கடையில மீன் வறுவல், ஒகேனக்கல் மீன் தின்ன நாக்குக்கு காரம் பத்தல, ஆனாலும் நாலு தட்டு காலி.

கொற இருக்கு. முனையில நெழலே கெடையாது, பொம்பளைங்களுக்கு பாத்ரூம் கஷ்டம், ராமேஸ்வரத்துலயே முடிச்சுட்டு போங்க. முனையில கடல்ல கால் கூட நனைக்க விடாதீங்க, இழுப்பு ஜாஸ்தி. சாயங்காலத்துக்குள்ள போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவாங்க. கூட்டத்துல யாராவது ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தமும் ஆடணும்னு ஆரம்பிச்சா குமரி க்யூவுக்கு இது கொஞ்சமும் கொறச்சல் இல்ல, அப்புறம் ஈரத்துண்டு பூரா பஸ் கம்பியிலதான் காயும்.

ஒரு ராத்திரி ரூம் போட்டு தங்குறதா இருந்தா குமரி, ஒரே நாள்னா தனுஷ்கோடி, என் ஓட்டு அதுக்குத்தான். ஆனா அத்தை "குமரியம்மன் மூக்குத்திய பாக்காம வந்துட்டேன், மறுபடி அங்கதான்"ங்கறாங்க. பஸ்ஸுக்கு மொத்த புளிசாதமும் அவங்க கிண்டறதால அவங்க ஓட்டு ரெண்டா எண்ணப்படும்.