வெட்டுத்துண்டில் அரூப ஓவியம்: ஒட்டுவதா, தைப்பதா?

கிளிநொச்சித் தையல்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைப் பலகையில் ஒட்டி அரூப ஓவியம் (உருவம் காட்டாமல் நிறமும் வடிவமும் மட்டும் கொண்ட படம்) ஆக்குவது சுகம். வெள்ளைப் பசை 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. துணிக்கல்ல, பலகைக்குப் பூசுங்கள். சாட்டின், ஷிஃபோன் என்றால் தண்ணீரே வேண்டாம், பசை ஊறித் துணியின் மேற்பக்கத்தில் கறையாக நிற்கும். மாரியில் பலகை ஈரம் குடித்து ஊத, துணி ஓரம் கிளம்பும்.

தைக்க நாள் பிடிக்கும். துண்டுகளை முதலில் கழுவி அயன் பண்ணுங்கள். கழுவாத பருத்தி பிறகு சுருங்கி முழுப் படத்தையும் இழுத்துவிடும். அடிக்குக் காடாத்துணி, ஓரமடிப்பு 6 மில்லிமீற்றர். குறுக்குவெட்டுத் துண்டு (இழைக்குச் சாய்வாக வெட்டியது) தைக்கும்போது நீளும், முன்னரே நூலோட்டிப் பிடியுங்கள்.

1911 இல் ஓவியர் சோனியா டெலோனே மகனுக்குச் செய்த துண்டுப்போர்வையும் தையல்தான். அழகான அரூபம் அது. வன்னி மழைக்கும் வெக்கைக்கும் எங்கள் தெரிவு தையலே: சுருட்டி வைக்கலாம், பிரிந்த இடத்தை மட்டும் திருத்தலாம்.