காட்டிய வளாகம் ஒன்று, சேர்க்கை கொடுத்த வளாகம் வேறு

சென்னையில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பி.டெக் சேர்க்கைக்காக நடத்தும் அறிமுக நாளுக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகவிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். 2024-ஆம் ஆண்டு என் அக்கா மகளுக்கு அப்படி ஒன்றில் பணம் கட்டினோம். பிறகு பணத்தில் ஒரு பகுதியையும் சான்றிதழ்களையும் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவையெல்லாம் யோக்கியம் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம். காட்டியதெல்லாம் உண்மை. ஆனால் அதில் எதுவும் இவளுக்குக் கிடைக்கப்போவதில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய வளாகம். வாசலில் நின்றால் எதிரே மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். "காலையில் வகுப்பு, மதியம் பக்கத்து நிறுவனத்தில் பயிற்சி, இதுதான் சார் எங்கள் பலம்" என்றார் சேர்க்கை ஆலோசகர். குளிரூட்டிய ஆய்வகம், ரோபோ, முப்பரிமாண அச்சு இயந்திரம் என்று வரிசையாகக் காட்டினார்கள். அக்கா ரோபோவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். சேர்க்கைக் கடிதம் வந்தபோது அதில் இருந்தது அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகம், நகரத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி. "முதல் ஆண்டு மட்டும்தான் அங்கே" என்று தொலைபேசியில் சமாதானம் சொன்னார்கள். அதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். இன்றுவரை வரவில்லை.

மேடைத் திரையில் நாக் (தேசியத் தரமதிப்பீட்டுக் குழு) தரம், மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் மூன்றும் மாறி மாறி ஓடின. நாக் தரம் நிறுவனம் முழுமைக்கும் தருவது. என்பிஏ அப்படியல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக ஆய்வு செய்து தருவது. அதிலும், குறைந்தது இரண்டு அணி (பேட்ச்) மாணவர்களாவது படித்து வெளியேறிய பிரிவுகளுக்கே விண்ணப்பிக்க முடியும். இவளுக்குக் கொடுத்தது செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும். அங்கே அந்தப் பிரிவைத் தொடங்கியது 2022-இல். முதல் அணி 2026-இல்தான் பட்டம் வாங்கும். ஆக, திரையில் பார்த்த அங்கீகாரம் இயந்திரப் பொறியியல் போன்ற பழைய பிரிவுகளுடையது. அதே மேடையில் சொன்ன வேலைவாய்ப்புக் கணக்கும் இந்தப் பிரிவுடையதாக இருக்க முடியாது. அப்போது ஒருவர்கூட வெளியே வராத பிரிவில் யாருக்கு வேலை கிடைத்தது?

வேலைவாய்ப்பைப் பற்றி மேடையில் சொல்வது எப்போதும் மிக உயர்ந்த சம்பளத்தைத்தான். அது ஒரே ஒரு மாணவருடையது. அதை விட்டுவிட்டு என்ஐஆர்எஃப் தளத்துக்குப் போங்கள். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் தன் விவரங்களைக் கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். இடைநிலை என்பது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. திரையில் பார்த்த எண்ணோடு இதை ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே இடத்தைப் பற்றியவைதானா என்று சந்தேகம் வந்தது.

உதவித்தொகை என்று ஒன்று சொன்னார்கள். அன்றைக்கே இடத்தைப் பதிவு செய்தால் கல்விக் கட்டணத்தில் கால் பங்கு தள்ளுபடி. ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்கினால்தான் அது தொடரும் என்பது பின்னால் வந்த தாளில் பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் இவள் முதல் பட்டதாரி. அரசு தரும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை டிஎன்இஏ எனப்படும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருவோருக்கு மட்டுமே. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கலந்தாய்வில் இல்லை. இதைக் கேட்டபோது, "எங்கள் சலுகை அதைவிடப் பெரியது சார்" என்றார் ஆலோசகர். பெரியதுதான். கட்டணமும் அதே அளவுக்குப் பெரியது.

ஆகஸ்டில் கலந்தாய்வில் அவளுக்குக் கோவையில் நல்ல கல்லூரி ஒன்று கிடைத்தது. அதற்குள் இங்கே பதிவுக் கட்டணம், முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் கட்டியாகிவிட்டது. மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் "சரிபார்க்க" என்று சொல்லி வாங்கிய அலுவலகத்திலேயே இருந்தன. விலகுகிறோம் என்றதும் ஆலோசகரின் குரலே மாறியது. பதிவுக் கட்டணம் திரும்பாது, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார். இடம் காலியாகிவிடுவதால் மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்று அலுவலகத்தில் இருந்தவர் சொன்னார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

இப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமையே இல்லை. அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபர் அறிவிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் அது பொருந்தும். 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், அக்டோபர் 31 வரை விலகினால் 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் யுஜிசி அறிவித்திருந்தது. விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்து இதை மாற்றாது.

விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினோம். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதிந்தோம். இரண்டு அறிவிப்புகளையும் அச்செடுத்து மேசையில் வைத்த அன்று மாலையே சான்றிதழ்கள் கைக்கு வந்தன. அதுவரை "பெட்டகச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில்" இருந்தாராம். பருவக் கட்டணம் பல வாரம் கழித்து வங்கிக் கணக்கில் வந்தது. பதிவுக் கட்டணமும் விடுதி முன்பணமும் வரவில்லை. யுஜிசியின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அதன் முடிவில் திருப்தி இல்லாவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் மனு இப்போது அந்தக் குழுவிடம் இருக்கிறது.

போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். 2018 அறிவிப்பின்படி எவ்வளவு பணம் திரும்பும் என்பது சேர்க்கைக்கான கடைசித் தேதியை வைத்தே முடிவாகும். அந்தத் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் அதிகபட்சம் 5000 ரூபாய் பிடிக்கலாம். கடைசித் தேதி கடந்து 30 நாளுக்கு மேல் ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. எங்களுக்குக் காட்டிய தளத்தில் அந்தத் தேதி ஜூலையில் ஒன்றாகவும் ஆகஸ்டில் வேறாகவும் இருந்தது. பணம் கட்டும் அன்றே அந்தப் பக்கத்தைத் தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆண்டுக்கு யுஜிசி தனியாக அறிவிப்பு வெளியிட்டிருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.