36 பழைய கணினிகளும் லினக்ஸ் மின்ட் 22-ம்

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். 36 கணினிகள், எல்லாம் 2014இல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 இவற்றைச் சீண்டாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. "எடைக்குப் போட்டுவிடலாம்" என்றது நிர்வாகம். பாலாற்றங்கரையில் வளர்ந்த எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தோல் ஆலைக் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கிய ஊர்க்காரர்கள் நாங்கள். கழிவு எங்கேயும் போய்விடாது என்று தெரியும். ஒரு மாத அவகாசம் கேட்டேன்.

பென்டிரைவில் ஏற்றியது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22; அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. காசு கிடையாது; 2029 வரை புதுப்பிப்பு வரும். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்கில் அதுவும் நொண்டியது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை என் கைக்காசில் வாங்கி மாட்டிய பிறகுதான் அரை நிமிடத்துக்குள் எழுந்தது. அதைக் காட்டித்தான் மீதி 35-க்கும் பணம் வாங்கினேன்.

இதில் நான் எதிர்பாராத லாபம் மின்சாரத்தில் வந்தது. எங்கள் உதவியாளர் இரவில் கணினிகளை அணைப்பதே இல்லை. பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். "அணைத்தால் காலை முதல் வகுப்பு பாதி போய்விடுகிறது சார்" என்பார். அவர் சொன்னது நியாயம்தான். கணினிக்கு 60 வாட் என்று வைத்தாலும், மாலை 6 முதல் காலை 8 வரை 36-ம் சும்மா ஓடினால் 30 யூனிட். இப்போது மாலையில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறார். நான் எதுவும் சொல்லவில்லை.

சி, பைத்தான் வகுப்புகளுக்கு எந்தக் குறையும் இல்லை. தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் தனியாக நிறுவ வேண்டும். ஒரு மதியம் போயிற்று. பழைய அச்சுப்பொறி ஒன்று இன்றுவரை மசியவில்லை. வணிகவியல் துறை கேட்கும் கணக்கு மென்பொருளும் இதில் ஓடாது. அதற்காக ஆறு கணினிகளை விண்டோஸ் 10-லேயே விட்டு, இணையக் கம்பியைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அந்தத் துறைப் பேராசிரியர் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண். அச்சுப்பொறிக்காக ஒன்றைக் குறைத்தேன்.