மரவையும் பானை ஓடும்: போட்டோகிராமெட்ரியோடு மூன்று வருடம்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இருக்கும் பொருட்களைப் பல கோணங்களில் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து கணினியில் முப்பரிமாண மாடலாக்கி வருகிறேன். இதுதான் போட்டோகிராமெட்ரி. கருப்பு சிவப்புப் பானைத் துண்டுகள், மரவைகள் என்னும் அரக்குப் பூசிய மரப் பாத்திரங்கள், பித்தளைச் சாமான்கள். மென்பொருள் மெஷ்ரூம். இலவசம்தான், ஆனால் நுணுக்கமான மாடல் வேண்டுமென்றால் கணினியில் என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு வளவுதான், அதாவது வீட்டின் நடு முற்றம். காலை 9 மணிக்கு முற்றத்தில் நேர்வெயில் இறங்காது, பொருளின்மேல் கடும் நிழல் விழாது. தரைதான் பாடம் கற்பித்தது. பானைத்துண்டைச் சுழல்மேசையில் வைத்துத் திருப்பி எடுத்தேன், மாடல் உருவாகவே இல்லை. துண்டு திரும்புகிறது, பின்னால் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ அப்படியே நிற்கிறது. மென்பொருள் பூவைப் பிடித்துக்கொண்டு கேமரா நகரவில்லை என்று கணக்குப் போட்டுவிட்டது. துண்டைத் தரையில் வைத்து நான் சுற்றிவந்தபோது அதே பூ நன்றாகக் கைகொடுத்தது. சுழல்மேசை என்றால் பின்னால் வெறும் கருப்புத் துணிதான்.

ஒரு பொருளுக்கு 60, 80 படம் எடுக்கிறேன். அடுத்தடுத்த படங்களில் முக்கால் பங்காவது பொதுவாக இருக்க வேண்டும், நடுவில் ஜூமைத் தொடக்கூடாது.

அப்புறம் அளவு. படங்கள் வடிவத்தைத் தரும், அளவைத் தராது. கைக்கு அடங்கும் கிண்ணமும் ஆள் உயரத் தாழியும் மென்பொருளுக்கு ஒன்றுதான். முதல் வருடம் அளவுகோல் வைக்காமலே எடுத்தேன். பிறகு காலிப்பரால் பொருட்களை அளந்து பெரும்பாலானவற்றைச் சரிசெய்தேன். இரண்டு மரவைகள் மட்டும் அதற்குள் பங்கு பிரிந்து வெளியூர் போய்விட்டன. இப்போது எப்போதும் இரண்டு அளவுகோல்: ஒன்றால் அளவைப் பொருத்துகிறேன், மற்றதால் சோதிக்கிறேன். அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால் திரும்ப எடுக்கிறேன்.

மினுமினுப்பு இன்னும் படுத்துகிறது. கேமரா நகர்ந்தால் பளபளப்பும் கூடவே நகர்கிறது. விளக்கிலும் லென்ஸிலும் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி போட்டபின் மரவையின் அரக்குப் பூச்சு ஓரளவு அடங்கியது. பித்தளைச் செம்பு இன்றுவரை சரியாக வரவில்லை. பவுடர் தூவச் சொல்கிறார்கள், பழம்பொருளின்மேல் அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

மாடலைவிட மூலப் படங்களைத்தான் பத்திரப்படுத்துகிறேன், இரண்டு ஹார்ட் டிஸ்கில். பழைய படங்களை மென்பொருளின் புதிய பதிப்பில் மறுபடி ஓட்டினால் மாடல் இன்னும் கூர்மையாகிறது. அப்படி வந்த ஒன்றில் நிறத்தை நீக்கி, திரையிலேயே வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தேன். கையில் வைத்துப் பார்த்தபோது தெரியாத கீறல் குறி ஒன்று துண்டின் தோளில் எழுந்து நின்றது.

அதை வீட்டு ஆச்சியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "தம்பி, போன மரவைக்கு இன்னும் அளவுதானே பாக்கி?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே போனை எடுத்தார். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறார்களாம்.