என்ஜின் போன வேன்: பிரித்து வேலை பார்ப்பதா, வேறு என்ஜின் மாட்டுவதா?

முதலில் ஆயில் விளக்கு, அதுவும் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் மட்டும், மின்னி மறைந்தது. சென்சார் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் சரக்கோடு மேடு ஏறும்போது அடியிலிருந்து டக் டக் என்று சத்தம். மெக்கானிக் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்துக் காட்டினார். ஜரிகைத் தூள் தூவியது போல மினுமினுத்தது. பிக் எண்ட் பேரிங், அதாவது பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்து பேரிங், போயிருந்தது. வாரண்டி எப்போதோ முடிந்த டீசல் வேன்.

வண்டியை அப்படியே தள்ளிவிடுவது ஒரு வழி. பாடி துருப்பிடித்து, கியர்பாக்ஸும் முனகுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், தள்ளிவிடலாம். ஆனால் சத்தம் போடும் என்ஜினோடு விற்கப் போனால் வாங்குபவர் இரும்பு விலைதான் பேசுவார். இதே வண்டியை நல்ல என்ஜினோடு வேறொருவர் விற்றால் வாங்குவேனா என்று கேட்டுப் பார்த்தேன். வாங்குவேன் என்று தோன்றியது. சரி, அந்த வழி முடிந்தது.

அடுத்தது செகண்ட் ஹேண்ட் என்ஜின். பெரும்பாலோர் இங்கேதான் போய் நிற்கிறார்கள். காரணம் வேகம். என்ஜின் கையில் இருந்தால் சில நாளில் வண்டி வெளியே வந்துவிடும். வேனை வைத்துப் பிழைப்பவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்தானே. நானும் ஒன்றைப் பார்த்துப் பேசி, முன்பணம் கொடுக்கும் நிலைக்குப் போய்விட்டேன். கழற்றி மூலையில் போட்ட என்ஜின் அது. ஓட்டிப் பார்க்க முடியாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கவும் வழியில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது விற்பவர் வாய்ச்சொல்தான். கேரண்டி உண்டு என்றார். கேட்டுப் பார்த்தால், பழுதானால் வேறு என்ஜின் தருவார்களாம். இறக்கி ஏற்றும் கூலி நம் தலையில்.

தொழிற்சாலையில் புதுப்பித்து, நம் பழைய என்ஜினை வாங்கிக்கொண்டு தரும் எக்ஸ்சேஞ்ச் என்ஜினும் இருக்கிறது. நான் வாங்கியதில்லை, அதனால் அதிகம் பேசத் தகுதியில்லை. விசாரித்தவரையில் கேரண்டி உருப்படியாக இருந்தது. ஆனால் நம் என்ஜினின் பிளாக் (வார்ப்பு உடல்) உடைந்திருந்தால் தனியாகப் பணம் கேட்கிறார்கள்.

கடைசியில் என் என்ஜினையே இறக்கிப் பிரித்தேன். முடிவை மாற்றியது மெக்கானிக் சொன்ன ஒரே விஷயம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி என் மூக்கருகே நீட்டினார். டீசல் வாடை. ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரலளவு நின்றது. மாதக்கணக்கில் நான் அதைப் பார்த்து, “சொட்டு ஆயில் குறையவில்லை” என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

நடந்தது இதுதான். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் நிறைந்ததும், அந்தக் கரியை எரிக்க என்ஜின் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளிக்கும். என்னுடையது போன்ற என்ஜின்களில் அந்தத் தெளிப்பு சிலிண்டருக்குள்ளேயே நடக்கிறது. எரிப்பு முடியும்வரை வண்டி ஓட வேண்டும். நானோ நாலு கிலோமீட்டர் போய் நிறுத்துவேன், இறக்குவேன், மறுபடி கிளப்புவேன். எரிப்பு பாதியில் நிற்கும், அடுத்த முறை மறுபடி தொடங்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியே, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்கைத் தாங்கும் படலம் மெலியும். அப்புறம் உலோகமும் உலோகமும் உரசும்.

ஆக, என் ஓட்டத்துக்கு எந்த என்ஜினை மாட்டினாலும் கதை இதுதான். இன்னொன்றும் உண்டு. செகண்ட் ஹேண்ட் என்ஜின் பல சமயம் மொட்டையாக வரும். டர்போ, ஆயில் கூலர் எல்லாம் நம் பழைய என்ஜினிலிருந்து கழற்றித்தான் மாட்டுவார்கள். ஆயில் கூலரின் சந்துகளில் சிக்கிய பேரிங் தூளை எத்தனை கழுவினாலும் முழுக்க எடுக்க முடியாது. புதிதாக வந்த என்ஜினின் பேரிங்குக்கு அந்தத் தூள் முதல் நாளே போய்ச் சேரும். நான் கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். டர்போவைப் பிரித்துப் பார்த்து மாட்டினோம். இதையெல்லாம் செகண்ட் ஹேண்ட் என்ஜினோடும் செய்யலாம்தான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பிரித்துப் பார்க்காதவருக்குச் செய்யத் தோன்றாது, எனக்கும் தோன்றியிருக்காது.

கிராங்கை லேத்தில் 0.25 மி.மீ. கடைந்து, அதற்கேற்ற பேரிங் போட்டோம். சில என்ஜின்களின் கிராங்கைக் கடையவே கூடாது என்பார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்து வெளியே வந்திருந்தால் இந்த வழியே கிடையாது. ஆயில் பம்ப், டைமிங் செயின், ஹெட் போல்ட் எல்லாம் புதிது. என்ஜின் எண் மாறாததால் பதிவுச் சான்றில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் என்றார்கள், பத்தொன்பது நாள் ஆனது. பாதி நாள் லேத்தில் வரிசையில் கிடந்தது. வாடகை வேன் செலவையும் சேர்த்தால் செகண்ட் ஹேண்ட் என்ஜினைவிட அதிகம்தான். லேத் வேலை சொதப்பினால் மொத்தமும் வீண், அங்கே நல்ல கை அமைவது முக்கியம். இப்போது 22,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கிறது. சத்தமில்லை. ஆனால் ஒரு என்ஜினுக்கு இது ரொம்பச் சின்ன வயது.

வாரம் ஒருமுறை வண்டியை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் விடுகிறேன். திங்கள் காலை கிளப்புவதற்கு முன் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்கிறேன். போன மாதம் கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. ஆயில் மாற்ற இன்னும் 3,000 கிலோமீட்டர் பாக்கி இருந்தும் அன்றே மாற்றிவிட்டேன்.